சாம் மானெக்ஷா: கதைகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

நீங்கள் நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது நம் தரைப்படைத் தளபதியாக இருந்த மானெக்ஷாவைப் பற்றிச் சுற்றிவரும் கதைகள் நிஜமா, அவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் எதற்காகக் கிடைத்தது, வங்கதேசம் பிறந்த அந்தப் போரை ஜெயித்தது அவரா, கிழக்குக் கட்டளையில் இருந்த ஜெனரல் ஜேக்கபா, கடைசிக் காலத்தில் குன்னூரில் இருந்தவரை அரசாங்கம் மறந்துவிட்டதா. ஆனால் நாலுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: இந்த மனிதர் நிஜமாகவே பெரிய ஜெனரலா, இல்லை நன்றாகப் பேசத் தெரிந்ததால் பெரிய ஜெனரல் ஆகிவிட்டவரா? நியாயமான கேள்வி. இதைக் கேட்டதற்காகக் கீழே சிலர் உங்களைத் தேசவிரோதி என்கிற அளவுக்குப் போயிருக்கிறார்கள், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

நான் சீருடை போட்டவன் இல்லை. பாதுகாப்பியல் படிக்கும் மாணவர்களுக்குப் பல வருடம் போர் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். அதனால் ஒரு குண்டு வயிற்றில் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்பதை என்னால் சொல்ல முடியாது. எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. மானெக்ஷா விஷயத்தில் இது ரொம்பவே தேவைப்படுகிறது, ஏனென்றால் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை மூன்று வகை. அரசிதழிலும் பணிக் குறிப்பிலும் இருப்பவை முதல் வகை. பக்கத்தில் இருந்த பலரும் எழுதி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவை இரண்டாம் வகை. அவரே மேடைகளில் சொல்லி, வேறு சாட்சி இல்லாமல் நிற்பவை மூன்றாம் வகை. மக்களுக்கு ரொம்பப் பிடித்த கதைகள் எல்லாம் அநேகமாக மூன்றாம் வகையில்தான் இருக்கின்றன.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் பிறந்தார், பார்சிக் குடும்பம், அப்பா டாக்டர். நைனிடாலில் ஷெர்வுட் பள்ளியில் படித்தார். தானும் டாக்டராக வேண்டும், லண்டனுக்கு அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்க, அவர் மறுத்துவிட, அந்தக் கோபத்தில் ராணுவத் தேர்வு எழுதினார் என்பது குடும்பத்தில் சொல்லப்படுவது. 1932ல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கியபோது முதல் அணியில் சேர்ந்த 40 பேரில் அவரும் ஒருவர். அந்த 40 பேர் கொண்ட வகுப்பிலிருந்து மூன்று நாடுகளுக்குப் படைத் தலைவர்கள் கிடைத்தார்கள்: இந்தியாவுக்கு மானெக்ஷா, பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன். 1965 போரில் பாகிஸ்தான் தரைப்படைக்குத் தலைமை தாங்கியது அதே மூசாதான். துணைக்கண்டத்துப் போர்களைப் படிக்கும்போது இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள்.

சரி, மிலிட்டரி கிராஸ். 1942 பிப்ரவரி, பர்மா. ஜப்பானியப் படை வேகமாக முன்னேறுகிறது, பிரிட்டிஷ் இந்தியப் படையின் 17ஆவது டிவிஷன் சிட்டாங் ஆற்றை நோக்கிப் பின்வாங்குகிறது. ஆற்றுக்கு ஒரே ஒரு ரயில் பாலம். அந்தப் பாலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் இருக்கும் பகோடா குன்று கையில் இருக்க வேண்டும். 12ஆவது ஃப்ரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்டின் 4ஆவது பட்டாலியனில் கம்பெனி கமாண்டராக இருந்த கேப்டன் மானெக்ஷா, பிப்ரவரி 22 அன்று தன் கம்பெனியோடு அந்தக் குன்றின் மேல் எதிர்த்தாக்குதல் நடத்தினார். ஆட்கள் நிறைய விழுந்தார்கள், ஆனாலும் குன்று பிடிபட்டது. அதற்குப் பிறகு இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவருடைய வயிற்றில் பாய்ந்தன. மறுநாள் விடியற்காலையில் டிவிஷனின் பெரும்பகுதி இன்னும் மறுகரையில் இருக்கும்போதே பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, அது தனி சோகம். மானெக்ஷாவைத் தூக்கிக்கொண்டு வந்து பிழைக்க வைத்தது அவருடைய ஆர்டர்லி, அதாவது உதவியாளராக இருந்த வீரர் ஷேர் சிங். அவர் பெயர் இந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் விட்டுப்போகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இங்கேதான் புகழ்பெற்ற காட்சி வருகிறது. மேஜர் ஜெனரல் கோவன் வந்தார், இவர் பிழைக்க மாட்டார் என்று பார்த்தார், செத்தவனுக்கு மிலிட்டரி கிராஸ் கொடுக்க முடியாது என்று சொல்லித் தன் சட்டையில் இருந்த ரிப்பனைக் கழற்றி இவருக்குக் குத்திவிட்டார் என்பது கதை. இதில் எது உறுதி? அந்தக் காலத்து விதிப்படி மிலிட்டரி கிராஸ் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான், அது சரி. விருது 1942 ஏப்ரலில் லண்டன் அரசிதழில் வெளியானது, அதுவும் சரி. கோவன் அந்த டிவிஷனில் இருந்தார் என்பதும் சரி. ஆனால் அன்றைக்கு டிவிஷன் கமாண்டர் ஜான் ஸ்மித். கோவன் அவருக்குக் கீழே தலைமையகத்தில் பிரிகேடியர். சிட்டாங் தோல்விக்குப் பிறகு ஸ்மித்தை நீக்கிவிட்டு மார்ச் மாதத்தில்தான் கோவனுக்குப் பொறுப்பு கொடுத்தார்கள். ஆக, கதை சொல்கிறவர்கள் கோவனுக்குச் சில நாள் முன்கூட்டியே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். வெள்ளைப் பட்டையின் நடுவே ஊதாக் கோடு போட்ட ஒரு சின்னத் துணி, அதை ஒரு மூத்த அதிகாரி குற்றுயிராகக் கிடந்தவனுக்குக் குத்திவிட்டது நடந்திருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. சொல்லப்பட்ட வசனம் அப்படியேதானா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பேற்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் சர்ஜன் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு 'கழுதை உதைத்துவிட்டது' என்றாராம், சர்ஜன் சிரித்துவிட்டு ஆபரேஷன் செய்தாராம். அது மூன்றாம் வகை. நம்ப ஆசையாக இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

வசனம் போனால் போகட்டும். பின்வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு படையில் திரும்பி நின்று குன்றை ஏறியிருக்கிறார் 27 வயது கேப்டன். அந்தப் பதக்கம் அதற்காகக் கொடுக்கப்பட்டது, அது அரசிதழில் இருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

அடுத்து வரும் இருபது வருடத்தை ஜனங்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பிரிவினையின்போது அவருடைய ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவர் டெல்லியில் ராணுவ நடவடிக்கைகள் இயக்ககத்தில் இருந்தார். 1947 அக்டோபர் 25 அன்று சமஸ்தான இணைப்புகளைக் கவனித்த அதிகாரி வி.பி. மேனன் ஸ்ரீநகர் போனபோது கூடப் போனவர் அவர். அந்தப் பயணத்தைப் பற்றிப் பல வருடம் கழித்து அவர் சொன்னவை, காஷ்மீர் இணைப்புப் பத்திரம் எப்போது கையெழுத்தானது என்ற சண்டையில் இன்றைக்கும் சாட்சியாகக் காட்டப்படுகின்றன. கூர்க்கா பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை ஏற்க வேண்டியவர், காஷ்மீர் வேலையால் போக முடியவில்லை. இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. பிற்காலத்தில் ஃபீல்ட் மார்ஷல் ஆன இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு காலாட்படை பட்டாலியனுக்கு கமாண்டராக இருந்ததே இல்லை. 1952ல் நேரே பிரிகேட் கையில் வந்தது. அப்புறம் மௌவில் காலாட்படைப் பள்ளி, ஜம்முவில் டிவிஷன், 1959ல் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ். நீலகிரிக்கும் அவருக்கும் உறவு அங்கேதான் ஆரம்பம். 'சாம் பகதூர்' என்று கூர்க்காக்கள் கூப்பிட்டதைக் கேட்டு அவர் கூர்க்கா படையிலேயே வளர்ந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது 8ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் கௌரவத் தலைவர் என்ற முறையில் வந்த பாசம்.

வெலிங்டனில் இருக்கும்போதுதான் அவருடைய வேலையே போகிற நிலைமை வந்தது. பாதுகாப்பு அமைச்சராக வி.கே. கிருஷ்ண மேனன், ராணுவத்தில் அவருக்கு நெருக்கமானவராக பி.எம். கவுல். மானெக்ஷா வாயை அடக்கத் தெரியாதவர். அறையில் பிரிட்டிஷ் காலத்துத் தலைவர்களின் படம் மாட்டியிருக்கிறார், வெள்ளைக்காரர்களைப் போல நடந்துகொள்கிறார், அரசியல் தலைமையைப் பற்றித் தப்பாகப் பேசுகிறார் என்றெல்லாம் சொல்லி விசாரணை நீதிமன்றம் அமைத்தார்கள். விசாரித்தவர் ராணுவத்தின் மேற்குப் பிராந்தியப் படைகளைக் கவனிக்கும் மேற்குக் கட்டளையின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங். அவர் குற்றச்சாட்டுகளில் ஒன்றுமில்லை என்று மானெக்ஷாவை விடுவித்தார். மேலே இருப்பவர்களுக்கு வேறு தீர்ப்பு வேண்டியிருந்தது என்று தெரிந்தும் ஒரு அதிகாரி அப்படி எழுதினார் என்றால், அதற்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும். அந்த தௌலத் சிங் 1963 நவம்பரில் பூஞ்ச் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். காலியான மேற்குக் கட்டளைக்கு வந்து உட்கார்ந்தவர் மானெக்ஷா.

நடுவில் 1962 சீனப் போர். வடகிழக்கில் படை உடைந்து ஓடிய பிறகு கவுல் ராஜினாமா செய்தார். அசாமின் தேஜ்பூரில் அவர் விட்டுப்போன 4ஆவது கோர், அதாவது சில டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படை, மானெக்ஷாவிடம் ஒப்படைக்கப்பட்டது. போன உடனே அதிகாரிகளைக் கூட்டி, எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் இனி ஒருவரும் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு எப்போதும் வராது என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள், இரண்டாம் வகை, நம்பலாம். இருந்தாலும் போர் அதற்குள் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் அங்கே சீனர்களோடு சண்டை போடவில்லை. தோற்றுப்போன ஒரு படையை மறுபடி நிமிர வைக்கும் வேலை செய்தார். போர்க்களத்தில் ஜெயிப்பதைவிட அது கஷ்டம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. 1964லிருந்து கிழக்குக் கட்டளை. 1967ல் சிக்கிம் எல்லைக் கணவாயான நாதுலாவில் சீனர்களோடு மோதல் வந்தபோது அங்கே டிவிஷன் கமாண்டர் சகத் சிங், அவருக்கு மேலே கட்டளைத் தலைவர் மானெக்ஷா. சகத் சிங் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும். 1968ல் பத்மபூஷண், 1969 ஜூன் 8 அன்று நம்ம திருச்செங்கோடு பக்கத்து ஜெனரல் குமாரமங்கலத்திடமிருந்து தரைப்படைத் தளபதிப் பொறுப்பு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, 1971. இதில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஏப்ரல் மாத மந்திரிசபைக் கூட்டம். இந்திரா காந்தி கோபத்தோடு, கிழக்குப் பாகிஸ்தானுக்குள் படையோடு போங்கள் என்கிறார். மானெக்ஷா, இப்போது போனால் நூறு சதவீதம் தோல்விதான் என்கிறார். மழைக்காலம் வரப்போகிறது, கிழக்கு வங்கத்தில் ஆறுகள் கடலாகிவிடும், இமயமலைக் கணவாய்கள் திறந்திருக்கும், சீனா உள்ளே வரலாம், படைகள் தேர்தல் வேலையிலும் மற்ற இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன, பஞ்சாபில் அறுவடை நேரம், ரயிலையும் லாரியையும் நான் எடுத்துக்கொண்டால் தானியம் நகராது, டாங்கிகளில் சண்டைக்குத் தயாராக இருப்பவை மிகச் சில. அப்புறம், ராஜினாமா செய்யட்டுமா, உடல்நலக் காரணமா மனநலக் காரணமா என்று கேட்கிறார். பிரதமர், உங்களுக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

இந்தக் காட்சியின் முக்கிய ஆதாரம் மானெக்ஷா தொண்ணூறுகளில் செய்த சொற்பொழிவுகள். நிகழ்ச்சி நடந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, அசாத்தியமாகக் கதை சொல்லத் தெரிந்த ஒரு எண்பது வயதுக்காரர், கைதட்டும் அரங்கில் சொன்னது. அன்றைய அரசுக் காகிதங்களைப் பார்த்து எழுதிய வரலாற்றாசிரியர்கள், குறிப்பாக ஸ்ரீநாத் ராகவனும் சந்திரசேகர் தாஸ்குப்தாவும், வேறு மாதிரி சொல்கிறார்கள். பிரதமருக்கு ஏப்ரலில் படையெடுக்கும் எண்ணமே பெரிதாக இல்லை, பி.என். ஹக்சர் போன்ற ஆலோசகர்கள் ஆரம்பத்திலிருந்தே பொறுமையைத்தான் சொல்லிவந்தார்கள் என்பது அவர்கள் முடிவு. உடனே போக வேண்டும் என்று வெளியில் அழுத்தம் இருந்தது நிஜம். பாதுகாப்பு ஆய்வாளர் கே. சுப்ரமணியம் போன்றவர்கள் அப்படி எழுதியும் பேசியும் இருக்கிறார்கள். அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள், மந்திரிகளில் சிலருக்கும் அவசரம் இருந்தது. ஆகவே என் கணிப்பு இது: தளபதி, இப்போது முடியாது என்று காரணங்களோடு சொன்னது உறுதி. பிரதமர் அதை ஏற்றதும் உறுதி. அவர் பிரதமரோடு முட்டி மோதிப் போரையே தடுத்து நிறுத்தினார் என்கிற நாடகம் சந்தேகத்துக்குரியது. கசப்பு மருந்தை மற்ற மந்திரிகள் தளபதியின் வாயாலேயே கேட்கட்டும் என்று பிரதமர் அவரைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

நாடகத்தை எடுத்துவிட்டால் அவர் சின்னவராகிவிடுகிறாரா? எனக்கு நேர்மாறாகத்தான் தெரிகிறது. அந்தப் பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மழை, கணவாய், ரயில் வண்டி, அறுவடை, டாங்கிக்கு உதிரி பாகம். இதில் ஒரு வரிகூட வீர வசனம் இல்லை. ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவில் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். சாலைகள் போடப்பட்டன, எல்லையோரத்தில் சரக்கு குவிக்கப்பட்டது, வங்க விடுதலைப் படையான முக்தி வாகினிக்குப் பயிற்சி நடந்தது, ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒப்பந்தம் கையெழுத்தானது, டிசம்பரில் பனி கணவாய்களை மூடியது. ஒப்பந்தம் ராஜதந்திரிகளின் வேலை, பனி இயற்கையின் வேலை, முகாம்களையும் சரக்கையும் பார்த்துக்கொண்டது எத்தனையோ பேர். ஆனால் எட்டு மாதம் பொறுத்து, எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவரும்படி பார்த்துக்கொண்டு, நடுவில் யாருடைய அவசரத்துக்கும் இழுபடாமல் ராணுவத்தை வைத்திருந்தது தளபதியின் வேலை. அதை அவர் செய்தார்.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானப்படை மேற்கில் நம் விமானதளங்களைத் தாக்கியது, 16 அன்று டாக்கா சரணடைந்தது. இந்தப் பதின்மூன்று நாளில்தான் ஜேக்கப் சர்ச்சை வருகிறது. கிழக்குக் கட்டளைத் தலைவர் ஜெகஜித் சிங் அரோரா, அவருடைய தலைமைப் பணி அதிகாரி மேஜர் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப். டெல்லி போட்ட திட்டத்தில் குறி சிட்டகாங், குல்னா துறைமுகங்கள்தான், டாக்கா இல்லவே இல்லை, நான்தான் டாக்காவை நோக்கித் திட்டம் போட்டேன் என்று ஜேக்கப் பிற்காலத்தில் எழுதினார். இதை வெறும் பொறாமை என்று தள்ள முடியாது. அன்றைய விமானப்படைத் தளபதி பி.சி. லாலும், முடிந்தவரை நிலத்தைப் பிடிப்பதுதான் நோக்கமாக இருந்தது, டாக்கா விழும், மொத்தமும் சரியும் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்றே எழுதியிருக்கிறார். இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொல்கிறார்கள். ஆக, டாக்காவைப் பதின்மூன்று நாளில் பிடிக்கும் திட்டம் ஆரம்பத்திலிருந்தே மானெக்ஷாவின் பையில் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே சமயம் ஜேக்கப் தன் பங்கைத் தாராளமாகவே எழுதிக்கொண்டார் என்றும் அந்தப் போரில் இருந்த பலர் சொல்கிறார்கள். கிழக்குக் கட்டளையின் 1971 ஆவணங்கள் பல அழிக்கப்பட்டுவிட்டதாக 2010ல் செய்தி வந்தது. அதனால் யார் எந்த மணிக்கு என்ன உத்தரவு போட்டார் என்பதில் கடைசித் தீர்ப்பு இனி கிடைக்குமா என்பதே கஷ்டம்.

போர்க்களத்தில் டாக்காவைத் திறந்துவிட்டது யார் என்று என்னைக் கேட்டால், 4ஆவது கோர் தலைவர் சகத் சிங் என்பேன். ஆஷுகஞ்சில் மேக்னா ஆற்றுப் பாலத்தை பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. திட்டப்படி அவர் வேலை அந்தக் கரையோடு முடிந்திருக்கலாம். அவர் கையில் இருந்ததோ ஏறத்தாழ ஒரு டஜன் எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள்தான். டிசம்பர் 9 இரவிலிருந்து அவற்றிலேயே நடை நடையாகப் படைவீரர்களை ஆற்றுக்கு அப்பால் இறக்கினார். இறங்குமிடத்தில் விளக்கு வசதிகூடச் சரியாக இல்லாமல், விமானப்படை பைலட்டுகள் திரும்பத் திரும்ப அந்த ஆற்றைத் தாண்டினார்கள். அப்படி இறங்கியவர்கள் டாக்காவை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். டிசம்பர் 11 அன்று வடக்கே டங்காயிலில் 2ஆவது பாராசூட் பட்டாலியன் குதித்தது. எல்லையோர நகரங்களைக் கோட்டையாக்கி வைத்திருந்த, கிழக்கில் பாகிஸ்தான் படைத் தலைவரான நியாஜிக்கு டாக்காவைக் காக்கப் போதுமான ஆள் இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் மானெக்ஷாவின் பங்கு என்ன? இரண்டு சொல்வேன். ஒன்று, சகத் சிங் போன்றவரை அந்த இடத்தில் இருக்க விட்டது. சகத் சிங் மேலதிகாரிகளோடு ஒத்துப்போகிறவர் இல்லை, அரோராவோடு அவருக்கு உரசல் இருந்தது ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்டவர் வேகமாக ஓடும்போது டெல்லி கடிவாளத்தை இழுக்கவில்லை. இரண்டாவது, நியாஜியின் படையிடம் வானொலியில் பேசியது. சுற்றி வளைக்கப்பட்டுவிட்டீர்கள், சரணடையுங்கள், ஜெனீவா ஒப்பந்தப்படி கண்ணியமாக நடத்துவோம், இது என் வாக்கு என்று தன் பெயரிலேயே திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினார். விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களாகவும் போட்டார்கள். டிசம்பர் 15 மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 9 மணி வரை டாக்கா மேல் குண்டு போடுவதை நிறுத்தி, முடிவெடுக்க நேரம் கொடுத்தார். டாக்காவில் நியாஜியிடம் இன்னும் ஆயிரக்கணக்கில் வீரர்கள் இருந்தார்கள், தெருத்தெருவாகச் சண்டை நடந்திருந்தால் செத்திருக்கப்போவது பொதுமக்கள்தான். போரைச் சரியான நேரத்தில் முடிப்பதும் தளபதியின் திறமையில் சேர்த்தி. என்னைப் பொறுத்தவரை 1971ல் அவர் செய்ததிலேயே சிறந்தது இந்த வானொலிச் செய்திகள்தான், ஆனால் வாட்ஸ்அப்பில் யாரும் இதை அனுப்புவதில்லை.

வாக்கையும் காப்பாற்றினார். சரணடைந்தவர்கள் ஏறத்தாழ 93,000 பேர், அதில் கணிசமானவர்கள் சீருடை அணியாத சிவிலியன்களும் குடும்பத்தினரும். எல்லோரும் 93,000 படைவீரர் என்று எழுதுகிறார்கள், அது தவறு. அவர்கள் இந்திய முகாம்களில் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிப் பெரிய புகார்கள் இல்லை. சரணாகதி விழாவுக்கு டாக்கா போகச் சொன்னபோது, அது கிழக்குக் கட்டளைத் தலைவருக்கு உரியது என்று அரோராவை அனுப்பிவிட்டு இவர் டெல்லியிலேயே இருந்தார். அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தில் நியாஜியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அரோரா. வெற்றியை மொத்தமாகத் தனக்கே எடுத்துக்கொண்டவர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் இந்தப் படத்துக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

குறைகளையும் சொல்லாமல் விட்டால் என் பதில் முழுமையாகாது. மேற்கு எல்லையில் 1971 அவ்வளவு பளபளப்பாக இல்லை. ஜம்மு பக்கத்துச் சாம்ப் பகுதியில் முனாவர் தாவி ஆற்றுக்கு மேற்கே நிலத்தை இழந்தோம், பசந்தர் ஆற்றுப் பகுதியில் நன்றாகச் சண்டை போட்டோம், மொத்தத்தில் கலவைதான். மூன்று படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்தவர் என்றாலும், கடற்படையும் விமானப்படையும் செய்தவை அவர் புகழின் நிழலில் மறைந்தன. கராச்சியைத் தாக்கிய கடற்படையின் அட்மிரல் நந்தாவை எத்தனை பேருக்குத் தெரியும்? வாய்த்துடுக்கும் கடைசி வரை போகவில்லை. பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பேட்டியில் கேட்டதற்கு, 1971ல் பாகிஸ்தான் ஜெயித்திருக்கும் என்கிற மாதிரி விளையாட்டாகச் சொல்லப்போய், நாடாளுமன்றம் வரை கொந்தளித்தது. 1971ல் பாகிஸ்தான் அதிபராக இருந்த யாஹ்யா கான், மானெக்ஷாவின் மோட்டார் சைக்கிளை 1,000 ரூபாய்க்கு வாங்கிப் பணம் தரவில்லை, பதிலுக்குப் பாதி நாட்டைக் கொடுத்துவிட்டார் என்ற ஜோக்கும் அவர் சொன்னதுதான். இருவரும் 1947ல் டெல்லியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் என்பது உண்மை, மோட்டார் சைக்கிள் கணக்கு அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

கடைசிக் கேள்வி, அரசு மறந்துவிட்டதா என்பது. 1972ல் பத்மவிபூஷண் கொடுத்தார்கள், 1973 ஜனவரியில் ஃபீல்ட் மார்ஷல் ஆக்கினார்கள், இந்திய ராணுவத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். வயதில் மூத்த கரியப்பாவுக்கே 1986ல்தான் கிடைத்தது. ஃபீல்ட் மார்ஷலுக்கு ஓய்வு என்பது கிடையாது, சாகும்வரை பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. அப்படியென்றால் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் அல்லவா? பல பத்தாண்டுகள் அதைக் கொடுக்கவில்லை. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது 2007ல் வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனார். அந்த ஆண்டில்தான் நிலுவை ஒரு கோடி ரூபாய்க்கும் மேலாகக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது வயது 93. மனைவி சில்லூ 2001லேயே இறந்துபோயிருந்தார்.

2008 ஜூன் 27 அன்று வெலிங்டனில் நிமோனியாவால் இறந்தார். குன்னூரில் வீடு, மனைவி புதைக்கப்பட்டது உதகமண்டலம் பார்சி மயானத்தில், அதனால் அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். ராணுவ மரியாதை முறையாக நடந்தது. ஆனால் டெல்லியிலிருந்து வந்தவர் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர். குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை, முப்படைத் தளபதிகளும் நேரில் வரவில்லை, தேசிய துக்கமும் அறிவிக்கவில்லை. இதற்கு நெறிமுறைப் பட்டியலில் ஃபீல்ட் மார்ஷலின் இடம் எங்கே என்பது போன்ற விளக்கங்கள் சொன்னார்கள். எனக்கு அந்த விளக்கம் அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. மறந்துவிட்டார்களா என்றால், அவமதிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாக நான் நினைக்கவில்லை. கோப்பை நகர்த்த வேண்டியவர்கள் நகர்த்தவில்லை, கிளம்பி வந்திருக்க வேண்டியவர்கள் கிளம்பவில்லை. சம்பள நிலுவையில் நடந்ததும் இதேதான்.